அண்ணன் தூக்கி எறிந்த ஸ்டவ்

அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் பெரியவர்களுக்கும், உறவினர்களுக்கும், அண்ணனோடு வேலை செய்த நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். ஒரு மாதமாக எழுத உட்கார்கிறேன். உட்கார்ந்தால் கால் நிலைகொள்ளவில்லை. எழுந்து வாசல்வரை போய்விட்டு வருகிறேன். உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்று பாக்கி இருக்கிறது. அதை விட்டுவிட்டு அண்ணனின் குணங்களைப் பற்றி எழுதினால் எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும்.

சங்கரன்கோவில் பக்கம், மானாவாரிக் காட்டை நம்பியிருந்த வீட்டில் மூத்த மகனாகப் பிறந்தார் அண்ணன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிப்பு முடித்த கையோடு, தொண்ணூறுகளின் கடைசியில் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தார். கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஒப்பந்த வேலை. மண்ணூரில் வரிசையாக ஐந்து அறைகள் உள்ள லைன் வீட்டில் குடியிருந்தார். ஒரு வருஷம் கழித்து நானும் வந்து சேர்ந்தேன்; கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. அப்பா அரை மனதோடுதான் அனுப்பினார். அண்ணன் கூட இருக்கிறார் என்பதால் மட்டுமே அனுப்பினார்.

அண்ணனால் சும்மா இருக்க முடியாது. முதல் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் விடிவதற்கு முன்பே மெயின் ரோட்டுக்கு வந்துவிடும். வீட்டு டீ குடிக்காமல் அவர் கிளம்பவும் மாட்டார். தண்ணீர் கொதிப்பதற்குள் நாலு முறை வாசலுக்குப் போய் ரோட்டை எட்டிப் பார்ப்பார். தண்ணீர் சீக்கிரம் கொதிக்க வேண்டுமே என்பதுதான் எங்கள் வீட்டின் தினசரிக் கவலை.

முதலில் ஹீட்டர் கம்பி வைத்திருந்தார். அலுமினியப் போணியில் தண்ணீர் பிடித்து, கம்பியை உள்ளே விட்டு சுவிட்சைப் போட்டால் மளமளவென்று கொதிக்கும். மறந்துபோய்ப் போணியைத் தொட்டால் சுள்ளென்று ஷாக் அடிக்கும். வீட்டுக்கார அம்மா ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார்.

"இன்னாபா இது, மீட்டரு இந்தச் சுத்து சுத்துது! இன்னொரு தபா கம்பி போட்டீங்கன்னா ரூமைக் காலி பண்ணிகினு போய்கினே இருங்க."

அடுத்து திரி ஸ்டவ் வாங்கினார். சுவரெல்லாம் கரி, டீயெல்லாம் மண்ணெண்ணெய் வாசம். தண்ணீரில் குமிழி வருவதற்குள் இரண்டு தடவை பஸ் போய்விட்டது. அதற்குப் பிறகுதான் பித்தளைப் பம்பு ஸ்டவ் வந்தது. அதன் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி எரியவிட்டு, பர்னர் நன்றாகச் சூடேறிய பிறகே பம்பு அடிக்க வேண்டும். "நீ இதத் தொடாத பாப்பா, நான் பாத்துக்கிடுதேன்" என்று அண்ணன் சொல்லி வைத்திருந்தார்.

அன்று காலை அவர் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தார். நேரமாகிவிட்டது. அவர் வருவதற்குள் டீயைப் போட்டுவிடலாம் என்று நானே ஸ்டவ்வைப் பற்ற வைத்தேன். சூடேறும்வரை பொறுக்கவில்லை, பம்பு அடித்தேன். எண்ணெய் பீய்ச்சிக்கொண்டு வந்தது. தீ, கொடியில் கிடந்த துணிவரை எழும்பியது. என் அலறலைக் கேட்டு ஈரத்தலையோடு ஓடி வந்த அண்ணன் என்னை வெளியே தள்ளினார். எரிகிற ஸ்டவ்வை வெறுங்கையால் தூக்கிக்கொண்டு ஓடி, முற்றத்து மணலில் எறிந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில், வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார்:

"நாந்தான் பம்பு அடிச்சேன். நீ வாயத் தொறக்காத."

"எதுக்குண்ணே பொய் சொல்லணும்?"

"அப்பாவுக்குத் தெரிஞ்சா நாளைக்கே வந்து உன்ன ஊருக்குக் கூட்டிட்டுப் போயிருவாரு. பொறவு வேலையும் போச்சு, நீ தபால்ல படிக்கிற படிப்பும் போச்சு. பேசாம இரி."

நான் பேசாமல் இருந்தேன். இன்றுவரை ஏழு வருஷம் பேசாமல் இருந்தேன். அதற்குள் படிப்பை முடித்தேன், வேலை நிரந்தரமானது, கல்யாணமும் ஆனது. அண்ணனுக்கோ வலது கையில் மூன்று விரல்கள் மடங்காமலே போயின. கம்பெனியில் வேலை போனது. பேசி முடித்திருந்த சம்பந்தமும் நின்றது. உறவில் எல்லாரும் "அவசரக்காரன், கையைச் சுட்டுக்கிட்டான்" என்றார்கள். உங்களில் பலரும் சொல்லியிருப்பீர்கள். அவசரப்பட்டது அவரல்ல, நான்.

வேலை தேடி இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் என்று ஒவ்வொரு கேட்டாகச் சைக்கிளில் அலைந்தார். கடைசியில் ஒரகடத்தில் ஸ்டோர் கீப்பர் வேலை கிடைத்தது. இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். பிள்ளைப்பாக்கத்துக்கு வீடு மாறினோம். அங்கே மரப்பெட்டி அடிக்கும் பட்டறையில் மரத்தூள் கிடைத்தது. மரத்தூள் அடுப்பை முந்தின சாயங்காலமே இறுக்கமாகத் திணித்து வைக்க வேண்டும். ஒற்றைக் கையால் அவரே திணிப்பார். நான் தீக்குச்சி உரசவே பயந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே பற்ற வைப்பார். பிறகு அண்ணி வந்தார். ரேஷன் கார்டு வந்தது, கேஸ் அடுப்பு வந்தது. காலையில் மூன்று பேரும் நிதானமாக உட்கார்ந்து டீ குடித்தது அந்த வீட்டில்தான்.

போன வருஷம் மஞ்சள் காமாலை முற்றிய பிறகே அண்ணன் மருத்துவமனைக்கு வரச் சம்மதித்தார். அங்கேயும் கட்டிலில் இருக்கவில்லை. வராந்தாவில் நடந்துகொண்டே இருந்தார். நடக்க முடியாமல் படுத்த அன்று கேட்டேன்.

"அண்ணே, அப்பாகிட்டச் சொல்லிரட்டுமா?"

"இப்பப் போயி எதுக்கு? கெழவர் தாங்க மாட்டாரு."

இரண்டு நாளில் போய்விட்டார்.

அண்ணனுக்கு உதவியவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி. தீப்பிடித்த அறைக்காக ஒரு சொல்கூடக் கடிந்துகொள்ளாமல், தானே ஆட்டோவைக் கூட்டி வந்த மண்ணூர் வீட்டுக்கார அம்மாவுக்கு. ஓவர்டைமை விட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுத்த ஒரகடம் நண்பர்களுக்கு. கடைசி நாட்களில் அண்ணனின் பக்கத்திலேயே இருந்த அண்ணிக்கு. இந்தக் கட்டுரையை அண்ணியிடம்தான் முதலில் காட்டினேன். "என்கிட்டக்கூடச் சொல்லலியே" என்றார்.

போன வாரம் ஊருக்குப் போய் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஸ்டவ் விஷயத்தை மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். எழுந்து தெருவுக்குப் போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். பிறகு கேட்டார்:

"நான் அவன ஏசுனத எழுதியிருக்கியா?"

"இல்லப்பா."

"எழுது. நாலு பேரு முன்னால ஏசுனேன். நாலு பேரு படிக்கட்டும்."

ஆகவே எழுதுகிறேன். சித்தப்பா மகள் கல்யாணப் பந்தியில், மடங்காத விரல்களால் அண்ணன் சோற்றை அள்ள, பாதி இலையிலேயே சிந்தியது. எதிர்ப் பந்திக்கும் கேட்கும்படி அப்பா, "பொறும கெட்ட பயலுக்கு இது வேணும்" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த இலை என்னுடையது. நானும் தலையைக் குனிந்துகொண்டேன்.