ஆதிமூலத்தின் சோதனை ஓட்டம்

ஆதிமூலம் கடவுள் இல்லை என்பவர். இதை அவர் யாரிடமும் ஒளித்ததில்லை, கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறார். ஆனால் திருவண்ணாமலையில் அவர் வயதுக்காரர்களில் அவரளவுக்கு மலையைச் சுற்றி வந்தவர் இன்னொருவர் இருப்பாரா என்பது சந்தேகம். அடி அண்ணாமலையைத் தாண்டி, கிரிவலப் பாதையில், மலையை ஒட்டிய பக்கத்தில் அவருடைய பட்டறை. பழைய ஜீப்போ பிக்கப்போ எது சரியாகி வெளியே வந்தாலும், மலையை ஒரு சுற்று சுற்றிய பிறகுதான் சாவி சொந்தக்காரர் கைக்குப் போகும். ரோடு நன்றாக இருக்கிறது, கிளம்பிய இடத்துக்கே கொண்டுவந்து விடுகிறது, இதில் சாமி எங்கே வந்தது என்று கேட்பார். பி.எஸ்சி. இயற்பியல் படித்தவர், கேள்வி கேட்பதில் அவருக்குக் கூச்சம் கிடையாது.

சாமி பக்கத்து சீட்டில் வந்தது. அவர் மனைவி சந்திரகலா ஒவ்வொரு சோதனை ஓட்டத்துக்கும் தலை சீவிப் பூ வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிடுவார். வழியில் ஒரு லிங்கம் விடாமல் கன்னத்தில் போட்டுக்கொள்வார். இதற்கும் ஆதிமூலத்திடம் விளக்கம் இருந்தது. காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பதெல்லாம் சோதனையே இல்லையாம். உள்ளே கொஞ்சம் எடை வேண்டுமாம். தன்னை எடை என்று சொல்வதில் சந்திரகலாவுக்கு வருத்தம்தான். ஆனாலும் கால் வலிக்காத கிரிவலத்தை விட மனசில்லை. அவருக்கு இருந்தது ஒரே நிபந்தனை: மலை எப்போதும் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். ஆதிமூலத்துக்கு எந்தப் பக்கமானாலும் ஒன்றுதான். ஆகவே எப்போதும் வலமாகவே சுற்றினார்.

ஆவணியில் ஒரு பிக்கப், லாரியின் முதுகில் ஏறி வந்து சேர்ந்தது. பிக்கப் என்பது மரியாதைக்குச் சொல்வது. ராணுவம் எப்போதோ கழித்துக்கட்டிய, நான்கு சக்கரமும் இழுக்கிற வகை வண்டி. கேபினும் சட்டமும் தனியாக, மற்றதெல்லாம் கோணிப்பைகளில். கொண்டுவந்தவர் அன்புச்செல்வி. இன்சூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, ஜவ்வாது மலைப் பெண்களிடம் சாமை வாங்கி, ரமணாசிரமம் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சாமை கொடுக்கும் ஊர் ஜமுனாமரத்தூருக்கு அப்பால், தார் ரோடு முடிந்து செம்மண் தொடங்குகிற இடம். போன வருஷம் மழை முந்திக்கொண்டது. வாடகை வண்டிக்காரர்கள் சேற்றைப் பார்த்ததும் திரும்பிவிட்டார்கள். மூட்டைகள் அங்கேயே நனைந்து பூசணம் பிடித்தன. இந்த வருஷம் மழைக்கு முன்னால் தூக்கினால் உனக்கு, இல்லையென்றால் பழையபடி ஏவாரிக்கு என்று அந்தப் பெண்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அன்புச்செல்வி வேலையை விட்டது அந்தச் சாமையை நம்பித்தான்.

ஆதிமூலம் தார்ப்பாய் விரித்து, சாமான்களை டீசலில் கழுவிப் பரப்பினார். எந்த இரும்பிலும் வார்க்கும்போதே ஓர் எண் எழும்பியிருக்கும். துரு தின்ற எண்ணைப் படிக்க அதன்மேல் சாக்பீஸைத் தேய்ப்பார். மேடான இடம் மட்டும் வெள்ளையாகும், எண் தெரிந்துவிடும். தேய்க்கத் தேய்க்க அந்த வண்டியின் ஒழுக்கம் வெளியே வந்தது. இன்ஜின் ஒரு ஜீப்பினுடையது, கியர் பாக்ஸ் வேறொன்றினுடையது, முன் அச்சு மட்டும் ராணுவத்தது.

"மூணு குடும்பத்து சொத்தும்மா இது. ஒண்ணா உக்கார வச்சா அடிச்சிக்கும்," என்றார்.

அடித்துக்கொள்ளவும் செய்தது. முன் அச்சுக்குள் சுழலும் கிரவுன் சக்கரத்தின் பல்லும் பின் அச்சின் பல்லும் கணக்கு ஒத்துவரவில்லை. அப்படியே மாட்டியிருந்தால் முன் சக்கரம் ஒரு வேகத்தில், பின் சக்கரம் ஒரு வேகத்தில் இழுத்து, சேற்றில் வண்டியே முறுக்கிக்கொண்டு நின்றிருக்கும். அதைக் கண்டுபிடித்து, வேலூரிலிருந்து ஜோடி தேடி மாற்றினார். பிறகு கொஞ்ச நாள் அவருடைய பேச்சு தாங்க முடியாததாக இருந்தது.

அந்த மிதப்பில்தான் ஸ்டியரிங் ஆர்ம் விஷயம் நடந்தது. ஸ்டியரிங் பெட்டியிலிருந்து சக்கரத்தைத் திருப்பக் கீழே தொங்கும் கை அது. கோணியில் இரண்டு கிடந்தன. இரண்டும் ஒரே சாயல். ஒன்று விரற்கடை நீளம் ஜாஸ்தி. ஆதிமூலம் சாக்பீஸை எடுக்கவில்லை. நீளமானது கனமாக இருந்தது, கனமானது ராணுவம், ராணுவ அச்சுக்கு ராணுவக் கை என்று மாட்டிவிட்டார். ஜாக்கியில் நிறுத்தி ஸ்டியரிங்கை ஒடித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும் வெண்ணெய்போல ஒடிந்தது. மலையைச் சுற்றினார். பட்டறையிலிருந்து வலது பக்கம் வெளியேறி, வலமாகவே வந்து, வலது பக்கம் திரும்பி உள்ளே நுழைந்தார். சந்திரகலா இறங்கும்போது, இந்த வண்டியில் குலுக்கல் கம்மி என்று சான்றிதழும் கொடுத்தார்.

சாவி வாங்க வந்த அன்று அன்புச்செல்வி எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். ஆதிமூலம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, சந்திரகலா சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தார். பழங்கள் நசுங்க, அன்புச்செல்வி ஓட்டிய வண்டி வாசலுக்குப் போய், டீசல் போடுவதற்காக இடது பக்கம் ஒடிந்தது. ஒடியத் தொடங்கியது என்பதே சரி. டக்கென்று ஒரு சத்தம். ஸ்டியரிங் பாதியில் நின்றுவிட்டது. வண்டி நேராக ரோட்டைக் கடந்து, எதிரே கொட்டியிருந்த மணலில் ஏறி அணைந்தது. புளியமரத்தடியில் காவி வேட்டி உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர் வேட்டியை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

ஆதிமூலம் முதலில் ஓட்டியவரைத்தான் பார்த்தார். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டி, நன்றாக இழுத்து ஒடிக்க வேண்டும் என்றார்.

"நீங்க ஒடிங்கண்ணா, பாக்கலாம்," என்று அன்புச்செல்வி இறங்கிக்கொண்டார்.

ஆதிமூலத்துக்கும் ஒடியவில்லை. அடியில் படுத்துப் பார்த்தார். நீளக் கையின் முட்டி, ஸ்பிரிங் பட்டையில் போய் இடித்துக்கொண்டு நின்றது. ஜாக்கியில் தொங்கும்போது பட்டை வளைந்து விலகியிருந்தது. வண்டி தரையில் நின்றதும் பாரத்தில் நிமிர்ந்து குறுக்கே வந்துவிட்டது. அதுவும் இடது பக்கம் முழுசாக ஒடித்தால் மட்டும்.

"நாம சுத்தி வந்தப்ப நல்லாதான இருந்துச்சு. எங்கயாச்சும் இந்தப் பக்கம் முழுசா ஒடிச்சீங்களா?" என்றார் சந்திரகலா.

ஆதிமூலம் மனசுக்குள் ஒரு சுற்று சுற்றி வந்தார். ஓரிடத்திலும் இல்லை.

"இடது பக்கம்னா நீதான் ஏற மாட்டேங்கறியே."

"நான் எடைதானங்க. எடை பேச்ச கேட்டு எதுக்கு ஓட்டுனீங்க?"

அன்புச்செல்வி சிரிக்கவில்லை. ஜவ்வாது மலை ஏறினால் முதல் கொண்டை ஊசி வளைவே இடது பக்கம் என்றார். பிறகு மெதுவாக, "இத நான் அங்க போயி தெரிஞ்சிக்கிட்டிருந்தா இன்னாண்ணா ஆயிருக்கும்?" என்று கேட்டார்.

கேள்வி கேட்பதில் கூச்சமில்லாத மனிதர் எழுந்து கோணிப்பையைத் தேடிப் போனார்.

குட்டைக் கையை எடுத்து சாக்பீஸைத் தேய்த்தார். அச்சோடு பொருந்துகிற எண் சமர்த்தாக எழுந்து வந்தது. மாட்டி, பின்னால் மணல் மூட்டை ஏற்றி, வாசலில் முழுசாக இடது பக்கம் ஒடித்து, மலையை இடமாகச் சுற்றக் கிளம்பினார். சந்திரகலா ஏறவில்லை. அதே திசையில் பஸ்களும் பால் வண்டிகளும் ஒரு கவலையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. ஆதிமூலத்துக்குத்தான் மலை தப்பான ஜன்னலில் வந்து நின்று தொந்தரவு செய்தது. கடைசியில் வர வேண்டிய அடி அண்ணாமலை கோயில் முதலில் வந்தது. பாதி வழியில் வண்டியை ஓரம்கட்டிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங் சூடாகிறதா என்று பார்த்ததாகப் பிறகு சொன்னார். ஸ்டியரிங் சூடாகும் என்று இயற்பியல் எதுவும் சொல்வதாகத் தெரியவில்லை.

முதல் நடைக்கு அவரும் கூட வர வேண்டும் என்றார் அன்புச்செல்வி. கேட்ட விதம் அழைப்பாக இல்லை. போளூர் தாண்டி மலை ஏறியதும் முதல் வளைவு வந்தது. அன்புச்செல்வி முழுசாக ஒடித்தார், வண்டி திரும்பியது. ஆதிமூலம் கதவுப் பிடியை அதற்கடுத்த சில வளைவுகள் வரைக்கும் விடவில்லை. தார் முடிந்த இடத்தில் முன் சக்கரத்துக்கான லீவரைத் தள்ளியதும், வண்டி செம்மண் மேட்டில் முணுமுணுத்துக்கொண்டே ஏறி, களத்துமேட்டில் போய் நின்றது.

வானம் மூடியிருந்தாலும் மழை இன்னும் இறங்கவில்லை. பெண்கள் மூட்டைகளை ஏற்றத் தொடங்கினார்கள். அவர்களில் வயது மூத்தவரான ஆராயி, வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, இவர் யார் என்று கேட்டார். வண்டியைச் சரி செய்தவர் என்றார் அன்புச்செல்வி.

"நல்லா செஞ்சிருக்காரா?"

அன்புச்செல்வி கையிலிருந்த மூட்டையை வண்டிக்குள் தள்ளினார்.

"இப்ப நல்லா இருக்குது."

வேறு நாளாக இருந்தால் ஆதிமூலம் கிரவுன் பல் கதையை எடுத்திருப்பார். அன்று மூட்டைகளின் மேல் தார்ப்பாயை இழுத்துப் போட்டு, கயிற்றை இறுக்கிக் கட்டினார். முடிச்சுகளை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். பிறகு மறுபக்கமாகவும் ஒருமுறை.