மஞ்சள் பந்து யார் கையில்

ஆறு மாடி அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கும் வேலையில் சின்னவள் இதுவரை போராடி வாங்கியவை: பெண்கள் உடை மாற்ற ஓர் அறை. ஒரு வருடம் கழித்து அந்த அறைக்கு ஒரு தாழ்ப்பாள். வாளியோடு லிஃப்டில் ஏறும் உரிமை. ஆசிட் ஊற்றும்போது முழங்கை வரை கையுறை. 'ஏய்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மூன்றாம் மாடி அதிகாரியின் வாயிலிருந்து ஒரு 'அம்மா'. இந்தக் கடைசி ஒன்றுக்கு ஏழு மாதம் பிடித்தது. அந்த ஏழு மாதமும், அவர் கூப்பிட்டால் மட்டும் இவளுக்குக் காது கேட்கவில்லை.

வீட்டில் ஐந்து பேரில் கடைசி, அதனால் சின்னவள். நாற்பத்தாறு வயதாகிறது. மூத்தவர்கள் எட்டாவது வரை எட்டிப் பார்த்தார்கள். இவள் பள்ளிக்கூடத்தைப் பார்த்ததெல்லாம் வெளியே இருந்துதான். ஆனால் இவள் துடைத்த கண்ணாடியில் விரல் தடம் தேடித் தோற்றவர்கள் உண்டு.

குப்பைக்கூடையைக் கவிழ்க்கும் முன் ஒரு தரம் உள்ளே பார்ப்பாள். எதையும் எடுக்கமாட்டாள், யாரிடமும் சொல்லமாட்டாள். "கூடைக்குள்ள பாத்தா எல்லாரும் மனுஷங்கதான்" என்பாள்.

இந்த அலுவலகத்துக்குப் புதிதாக வந்த மனிதவள மேலாளர், மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் நடுவில் உள்ள சுவரை உடைக்கப்போவதாக அறிவித்தார். அதற்கு அவர் வாங்கிவந்த கருவி, ஒரு மஞ்சள் பஞ்சுப் பந்து. மாதக் கடைசி வெள்ளியன்று எல்லோரும் வட்டமாக உட்கார வேண்டும். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்ல வேண்டும். நான்கு மாதம் அந்தப் பந்து நீலச் சீருடைக்காரர்களை விட்டு நகரவே இல்லை. காவல்காரர் தன் வீடு எரிந்ததைச் சொன்னார். தோட்டக்காரர் தலைப்பிள்ளையைப் பறிகொடுத்ததைச் சொன்னார். அதிகாரிகள் அழுதார்கள். மனசு லேசாகிவிட்டது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். மூக்கைத் துடைத்த காகிதத்தைத் தரையில் போட்டுவிட்டு எழுந்து போனார்கள். கூட்டிப் பெருக்கியவள் சின்னவள்.

ஐந்தாம் மாதம் பந்து இவளிடம் வந்தது. வீட்டுக்காரர் சாரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு போனது, இவள் வேலைக்கு வந்தது, மகள் நர்ஸ் ஆனது எல்லாவற்றையும் நாலே நிமிடத்தில் முடித்துவிட்டாள். அழ வந்தவர்களுக்குப் பெரிய ஏமாற்றம். பிறகு பந்தை மேலாளரிடம் நீட்டினாள்.

"நான் சொல்லிட்டேன் சார். இனி நீங்க."

"நான் கேக்கத்தாம்மா வந்திருக்கேன்."

"எங்களுக்கும் காது இருக்கு சார்."

வாங்கிக்கொண்டார். முதலில் பள்ளியில் வாங்கிய பரிசுகளைப் பற்றிச் சொன்னார். யாருக்கும் கண் கலங்கவில்லை. பந்தைப் பிசைந்துகொண்டே இருந்தவர், கடைசியில் மனைவி குழந்தையோடு பிறந்த வீட்டுக்குப் போய் ஒரு வருடம் ஆகிறது என்றார். தானே சமைத்துக் கட்டிக்கொண்டு வருவதாகவும், தொண்டையில் இறங்குவதில்லை என்றும் சொன்னார்.

"தெரியும் சார்" என்றாள் சின்னவள். "டப்பாச் சோறு அப்படியே கூடையில கிடக்கும். நானா கேட்டா தப்பா நினைப்பீங்கன்னு இருந்துட்டேன்."

தோட்டக்காரர், தன் மகளும் ஒருதரம் அப்படிக் கோபித்துக்கொண்டு வந்ததையும், மருமகன் வாசலில் மூன்று நாள் காத்துக் கிடந்து கூட்டிப்போனதையும் பந்து இல்லாமலே சொன்னார். மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மூன்று நாளும் என்ன பேசினான் என்று விசாரித்தார். அன்றைக்குத்தான் அந்த வட்டம் வட்டமாக இருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கதைகளைப் புத்தகமாகப் போட மேலிடம் உத்தரவிட்டது. சம்மதத் தாளில் கைரேகை வைக்க, சின்னவளை ஒரு காலை வேளையில் மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜையில் மைப்பெட்டி திறந்தே இருந்தது. படித்துக் காட்டினால்தான் ஆச்சு என்று நின்றாள். மேலாளர் படித்தார். அதில் இவளுடைய வீட்டுக்காரர் குடிகாரர், தினமும் அடிக்கிறவர், நிறுவனம்தான் இவளைக் கைதூக்கிவிட்டது.

"அவர் டீகூடக் குடிக்கமாட்டார் சார். கழுத்துக்குக் கீழ அசையாத மனுஷன் எழுந்து வந்து எப்படி அடிப்பாரு?"

படிக்கிறவர்கள் மனதைத் தொட வேண்டும் என்று எழுதியவர் கொஞ்சம் சேர்த்துவிட்டார், புத்தகம் அச்சுக்குப் போயாயிற்று, இனிமேல் திருத்த முடியாது, பக்கத்தை வேண்டுமானால் எடுத்துவிடலாம் என்று மேலாளர் இழுத்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதம் இது, பேசாமல் விரலை வை என்று கூட வந்திருந்த துப்புரவு சூப்பர்வைசர் காதோரம் கிசுகிசுத்தார். நிறுவனத்து ஆட்கள் வைத்தியத்துக்குப் போகிற, மகள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்தப் புத்தகம் போகும் என்பது இவளுக்குத் தெரியும்.

"உங்க கதை எங்க சார்?"

"அது சொந்த விஷயம்மா."

"என்னோடது மட்டும் சந்தை விஷயமா?"

மேலாளர் தாளைத் தன் பக்கம் திருப்பி, கீழே இருந்த இரண்டாவது கட்டத்தைச் சுண்டுவிரலால் காட்டினார். "இது, சம்மதமில்லைன்னு சொல்றவங்களுக்கு" என்றார். சூப்பர்வைசர் இருமினார்.

சின்னவள் மைப்பெட்டியை மூடித் தள்ளிவைத்தாள். மேலாளரின் பேனாவைக் கேட்டு வாங்கினாள். மகளின் பழைய நோட்டில் மூன்று மாதமாக எழுதிப் பழகியது கூடப்பிறந்த ஒருவருக்கும் தெரியாது. இரண்டாவது கட்டத்துக்குள் பெயரை ஒவ்வோர் எழுத்தாக நிறுத்தி எழுதினாள். கடைசி எழுத்து மட்டும் கோட்டைத் தாண்டிப் போயிற்று. பக்கத்தில் தேதியையும் தன் கையாலேயே போட்டாள்: 14.3.2019.