மௌஸ் தாவியதற்கு உப்புக்காற்றா காரணம்?

கடற்கரையை ஒட்டி வீடு இருந்தால் போதும், எந்தப் பொருள் பழுதானாலும் ரிப்பேர் பார்க்கிறவர்களிடம் காரணம் தயாராக இருக்கும். மின்விசிறி நின்றால் உப்புக்காற்று. டிவியில் கோடு விழுந்தால் உப்புக்காற்று. சுவர்க் கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்துபோனதற்கே ஒருவர் உப்புக்காற்று என்றார். நான் காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரிமேட்டில் படகு எஞ்சின் மெக்கானிக். உப்பு இரும்பை என்ன செய்யும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்பதாவது வரைதான் படித்தேன். ஆனாலும் ஒரு எஞ்சின் திணறினால், திறந்து பார்க்காமல் வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் நான் இல்லை. அப்படித்தான் என்னை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுனாமி வந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். என் மகள் எட்டாவது படித்தாள். காரைக்கால் கடை ஒன்றில் அவளுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தேன். சிங்கப்பூரில் வேலை பார்த்த என் தம்பி, ஊருக்கு வந்தபோது அதற்கு ஒரு மௌஸ் கொண்டுவந்தான். விளையாட்டுக்கென்றே செய்த மௌஸ் அது. சாதாரண மௌஸை விடக் கனம். சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பொத்தான். அதை அழுத்தினால் வேகம் மாறும். நாம் கையை ஒரு விரல் அகலம் நகர்த்தினால் திரையில் அம்புக்குறி எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்பதை அதில் வைத்துக்கொள்ளலாம். இதற்குப் பெயர் சென்சிட்டிவிட்டி என்று மகள்தான் எனக்குச் சொன்னாள்.

தீபாவளி விடுமுறையில் காரைக்காலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி வைத்திருந்தார்கள். ஓடுகிற குறிகளைச் சுடுகிற ஆட்டம். மகள் அதற்குப் படிவம் வாங்கி வைத்திருந்தாள். வகுப்புப் பையன்கள், "பொம்பளப் புள்ளைக்கு என்னடி துப்பாக்கி" என்று கேலி செய்தார்களாம். அதனாலேயே அவளுக்கு அந்தப் போட்டியில் கலந்துகொண்டே தீர வேண்டும் என்று இருந்தது.

அதற்கு மூன்று வாரம் முன்பு ஆயுத பூஜை வந்தது. எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. கருவி எந்த இடத்தில் வேலை செய்கிறதோ அந்த இடத்தில்தான் சந்தனமும் குங்குமமும் வைப்போம். ஸ்பானருக்கு வாயில், சுத்தியலுக்கு முகத்தில், எஞ்சினுக்குச் சுழல்கிற ஃப்ளைவீல் சக்கரத்தில். வைத்த பொட்டைத் துடைக்க மாட்டோம், அது தானாக உதிர வேண்டும். அந்த வருடம் கம்ப்யூட்டரையும் பூஜையில் சேர்த்தேன். மௌஸைக் கையில் எடுத்ததும் மகள் சொன்னாள்:

"மேல வைங்கப்பா."

"மேல உன் கைதானே இருக்கு. வேல எங்க நடக்குது, அதச் சொல்லு."

"அடியில. அந்தச் சிவப்பு லைட்டு எரியுதுல்ல, அதாலதான் பாக்கும்."

"அப்ப அங்கதான் வைக்கணும்."

"பாக்கறது கண்ணுப்பா. கண்ணுல யாராவது சந்தனம் அப்புவாங்களா?"

"கண்ணுலயா அப்புறேன்? ஓரமாத்தான் வைக்கிறேன். பூஜ நேரத்துல எதுத்துப் பேசாத."

வெளிச்சம் வருகிற பள்ளத்தின் விளிம்பில் அழகாக ஒரு பொட்டு வைத்தேன். பக்தியோடுதான் வைத்தேன்.

மூன்றாம் நாள் மௌஸ் தாவ ஆரம்பித்தது. மெதுவாக நகர்த்தினால் அம்புக்குறி திரையின் மூலைக்குப் பாயும். வேகமாக நகர்த்தினால் அசையாமல் நிற்கும். கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடும், திரும்பவும் தாவும். "பூஜைக்கு அப்புறம்தாம்ப்பா இப்படி. அடியில தொடச்சுப் பாக்கவா?" என்று மகள் கேட்டாள்.

"சாமிக்கு வச்சத அழிக்கறதா? செய்யறதெல்லாம் நீ, பழி சாமி மேலயா? எந்நேரமும் சுட்டுக்கிட்டே இருந்தா எந்த மிஷின் தாங்கும்?"

அவள் துடைக்காமல் விட்டுவிட்டாள். நான் என் பங்குக்கு வேலை பார்த்தேன். ஒயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினேன். மேசை வழவழப்பாக இருக்கிறதோ என்று பழைய நாட்காட்டி அட்டையை அடியில் போட்டேன். வேகப் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தினேன். மகள் கன்ட்ரோல் பேனலைத் திறந்து அங்கேயும் வேகத்தைக் குறைத்தாள். எதற்கும் அடங்கவில்லை.

சனிக்கிழமை, கம்ப்யூட்டர் பெட்டியையும் மௌஸையும் சாக்கில் சுற்றிக்கொண்டு மகளோடு பஸ் ஏறி, கம்ப்யூட்டர் வாங்கிய கடைக்கே போனேன். கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"வீடு எங்கண்ணே?"

"கோட்டுச்சேரிமேடு."

"அதான பாத்தேன். உப்புக்காத்து. உள்ள போர்டுல ஏறியிருக்கும். வாரண்டியில வராது."

"தம்பி, போர்டு நல்லா இருக்கு. மௌஸுதான் தாவுது. இந்தாங்க, பாருங்க."

"சிங்கப்பூர் மௌஸா? நம்ம ஊரு காத்து அதுக்கு ஒத்துக்காதுண்ணே. அது கெடக்கட்டும், ஃபார்மட் போட்டுடுறேன். எல்லாம் சரியாயிடும்."

ஒரு படகுக்காரர் எஞ்சின் திணறுகிறது என்று வந்தால், உங்கள் வீடு எங்கே என்றா கேட்பேன்? டீசல் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பேன். இந்த மனிதர் மௌஸைக் கையில்கூட வாங்கவில்லை. ஆனால் ஃபார்மட் என்ற சொல் எனக்குப் புதிது. ஏதோ பெரிய வைத்தியம் என்று நினைத்துத் தலையை ஆட்டிவிட்டேன். மகள் என் சட்டையை இழுத்தாள். "அப்பா, எல்லாம் அழிஞ்சுபோயிடும்ப்பா." "சும்மா இரு, அவருக்குத் தெரியாதா" என்றேன்.

வேலை முடிந்ததும் கடைக்காரர் திரையைத் திருப்பிக் காட்டினார். அம்புக்குறி வெண்ணெய்போல ஓடியது. "பாத்தீங்களாண்ணே?" என்றார். நானும் பார்த்தேன். பஸ்ஸில் வரும்போது மகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அவரு நம்ம மௌஸ மாட்டவே இல்லப்பா. கடை மௌஸ மாட்டித்தான் காட்டுனாரு."

அந்த நிமிடம் எனக்கு வந்த கோபம் இதை எழுதும்போதும் வருகிறது. பழுதான சாமானை ஒதுக்கிவைத்துவிட்டு நல்ல சாமானை மாட்டிக்காட்டி, சரியாகிவிட்டது என்று ஒரு மெக்கானிக் சொல்லலாமா? என் பட்டறையில் நான் அப்படிச் செய்தால் படகு நடுக்கடலில் நின்றுபோகும். வீட்டுக்கு வந்து எங்கள் மௌஸை மாட்டினோம். தாவியது. அதோடு, பள்ளிக்கூடத்துக்காக மகள் தட்டி வைத்திருந்த கட்டுரைகள், தம்பி எடுத்துப் போட்ட படங்கள், அவள் ஒவ்வொரு கட்டமாக ஜெயித்துச் சேர்த்து வைத்த ஆட்டம், எல்லாம் போயிருந்தது.

கடைக்காரர் மேல் இருந்த கோபத்தை நான் யாரிடம் காட்டினேன் தெரியுமா? மகளிடம். "இந்த ஆட்டமே வேணாம், போட்டியும் வேணாம்" என்று மௌஸைப் பிடுங்கி, அலமாரியில் என் வேட்டிகளுக்கு மேல் வைத்துக் கதவைச் சாத்தினேன். படிவத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. மகள் அழவில்லை, சண்டையும் போடவில்லை. படிவத்தைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டாள். அப்புறம் நான் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொன்னாள்.

போட்டிக்கு இரண்டு நாள் இருந்தபோது, காலையில் அலமாரி முன்னால் நின்று என் மனைவி கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வந்து உங்க வெள்ள வேட்டியப் பாருங்க. இந்த எலி பொட்டு வச்சுக்கிட்டுப் படுத்திருக்கு."

வேட்டி மடிப்பில் சிவப்பாகவும் மஞ்சளாகவும் தூள் உதிர்ந்து கிடந்தது. மௌஸைத் திருப்பினேன். நான் வைத்த பொட்டு காய்ந்து, வெடித்து, பாதி காணாமல் போயிருந்தது. வெளிச்சம் வருகிற பள்ளத்துக்குள் கடுகளவு ஒரு சந்தனப் பொருக்கு. மௌஸைச் சாய்த்தால் அதுவும் உருண்டது. கண்ணுக்கு நேரே வரும்போது தாவல், விலகினால் ஒழுங்கு.

மகள் பின்னால் வந்து நின்றிருந்தாள். நான் பட்டறைப் பையிலிருந்து, எஞ்சினில் டீசல் நாசில் அடைத்துக்கொண்டால் குத்துகிற மெல்லிய கம்பியை எடுத்தேன்.

"கம்பி வேணாம்ப்பா, கீறிடும். குடுங்க."

காது குடைகிற பஞ்சுக் குச்சியை எடுத்துவந்து, வாயால் ஊதி, மெதுவாகச் சுற்றித் துடைத்தாள். பொட்டில் மிச்சம் இருந்ததையும் துடைக்கலாமா என்று என்னைப் பார்த்தாள். தலையை ஆட்டினேன். மாட்டிப் பார்த்தோம். அவள் கை போன இடமெல்லாம் அம்புக்குறியும் போனது. ஐந்து நிமிட வேலை.

"தப்பு என் மேலதான்" என்றேன்.

"தெரியும்ப்பா" என்று சொல்லிவிட்டு, கணக்குப் புத்தகத்திலிருந்து படிவத்தை எடுத்து நீட்டினாள். கையெழுத்துப் போட்டேன்.

அன்றைக்கே காரைக்காலுக்குப் போய்க் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். உப்பு இல்லை, சந்தனம் என்றேன். ஒருமுறை திருப்பிப் பார்த்திருந்தால் என் மகளின் எழுத்தெல்லாம் அழிந்திருக்காதே என்றேன். அவர் சிரித்தார்.

"நாந்தான் அன்னிக்கே சொன்னேன்லண்ணே, உங்க வீட்டுல கோளாறுன்னு."

பதிலுக்குச் சொல்ல வாயில் நிறைய இருந்தது. திரும்பிப் பஸ் ஏறினேன். மௌஸைத் திருப்பிப் பார்க்காதவர் அவர் மட்டும் இல்லையே. அவரிடமாவது பூஜைக்கு அப்புறம்தான் என்று யாரும் சொல்லவில்லை. என்னிடம் தாவ ஆரம்பித்த அன்றைக்கே என் மகள் சொன்னாள்.

போட்டியில் மகள் முதல் சுற்றில் ஜெயித்தாள். இரண்டாம் சுற்றில் நெரவியிலிருந்து வந்த ஒரு பையனிடம் தோற்றாள். நெருக்கமான ஆட்டம்தான், கடைசி இரண்டு குறிகளை விட்டுவிட்டாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே, "ரெண்டு வாரம் தொடவே இல்லல்லப்பா, கை விட்டுப்போச்சு" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, என்ன நடந்தது என்றுதான் சொன்னாள். வீடு வரும்வரை என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை அவள் கையில் கொடுத்தேன். ஸ்பானர்களுக்கு வாயில் வைத்தாள், சுத்தியலுக்கு முகத்தில் வைத்தாள், ஃப்ளைவீலுக்கும் வைத்தாள். மௌஸை எடுத்து மேல் பக்கம், கை படாத ஓரத்தில் கடுகளவு வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அங்கயே இருக்கட்டும்" என்றேன்.