திட்டாத டாக்டர்

அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அய்யாவுக்கு இருபது வருஷமாகச் சர்க்கரை. பாதத்தில் உணர்ச்சி கிடையாது. முள் ஏறினால்கூட ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார். ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து பஸ் ஏறி, மாதம் ஒருமுறை ராமநாதபுரத்தில் ஒரே டாக்டரிடம் காட்டிவந்தார். வெறுங்காலோடு வயலில் இறங்கியது தெரிந்தால், அந்த டாக்டர் கதவுக்கு வெளியே கேட்கும்படி திட்டுவார். அதற்குப் பயந்தே அய்யா அடுத்த மாதம்வரை செருப்போடு நடப்பார்.

பிறகு புறவழிச்சாலையில் அடுத்தடுத்து இரண்டு ஆஸ்பத்திரிகள் வந்தன. அங்கே வாசலிலேயே வணக்கம் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனை முடிவை ஒரு மணி நேரத்தில் கொடுத்தார்கள். திட்டு வாங்கியவர்கள் பலர் அங்கே போய்விட்டார்கள்.

எங்கள் டாக்டரும் மாறினார். பெஞ்சு போய் நாற்காலி வந்தது. டோக்கன் வந்தது, அரை நாள் காத்துக் கிடந்த இடத்தில் அரை மணியில் கூப்பிட்டார்கள். பரிசோதனை முடிவுக்காக மறுநாளும் போகும் அலைச்சல் நின்றது. எல்லாம் நல்ல மாற்றங்கள்தான். கூடவே அவர் திட்டுவதையும் விட்டுவிட்டார்.

ஐப்பசியில் அய்யாவின் கால் சுண்டுவிரலில் சின்னப் புண். டாக்டர் கட்டுப் போட்டு, பாதத்தைப் பேணுவது பற்றி வண்ணத்தில் அச்சடித்த தாள் ஒன்றைக் கொடுத்து, கொஞ்சம் கவனமாக இருங்கள் என்றாராம். அய்யா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு வந்தார்.

"ஒரு வார்த்தை திட்டலை. ஒண்ணுமில்லாத புண்ணு போல."

மறுநாளே களையெடுப்பைப் பார்க்க வெறுங்காலோடு வயலில் இறங்கினார். நான் தடுக்கவில்லை. அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது.

மூன்றாம் வாரம் கட்டு மாற்றும்போது பார்த்தால், விரல் கறுத்திருந்தது. அழைத்துப் போனேன். டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, நாளைக்கே விரலை எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் பாதமும் போகும் என்றார். பிறகு, ஏன் வயலில் இறங்கினீர்கள் என்று மெதுவான குரலிலேயே கேட்டார்.

"நீங்கதான் திட்டலையே சார்" என்றார் அய்யா.

டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டார். அப்புறம் பழைய குரலில் தொடங்கினார்.

"ஏன்யா, விரல் போனாத்தான் உனக்குப் புத்தி வருமா? மிச்சம் நாலும் வேணுமா, வேணாமா?"

கதவு திறந்தே இருந்தது. அய்யா தலையைக் குனிந்து முழுவதையும் கேட்டார். வேணும் என்றார். இனி வரப்புக்குக்கூட செருப்போடுதான் போவேன் என்று அவராகவே சொன்னார்.

நாங்கள் வெளியே வந்தபோது, உள்ளே போகுமுன் நிறைந்திருந்த நாற்காலிகளில் இரண்டு காலி. வரவேற்பில் இருந்த பெண் அடுத்த டோக்கன் எண்ணை இரண்டாவது முறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் எழுந்திருக்கவில்லை.