திரும்பிப் போக ஓர் ஆள்

எனக்கு அப்போது நாற்பது வயது. திருகோணமலை நகரத்தில் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் வேலை. அடையாள அட்டைக்காக வருகிறவர்களின் படங்களைக் கழுவி உலர்த்துவதிலேயே பகல் போய்விடும். யாரோடும் கதைக்கத் தேவையில்லை என்பதால்தான் அந்த வேலையில் இத்தனை காலம் நிலைத்தேன் என்று நினைக்கிறேன். ஆயிரக்கணக்கான படங்கள் கைக்குள்ளால் போயின. நானாக எடுத்தது ஒன்றுமில்லை.

நிலாவெளிப் பக்கத்து உப்பளத்தில் ஆலா என்ற கடற்பறவைகள் முட்டையிடும். கறுப்புத் தலை, மஞ்சள் அலகு, மற்றபடி வெள்ளை. கூடு கட்டாது. வெறுந்தரையில் இரண்டு முட்டை இட்டு, அதன்மேல் இருக்கும். அப்படி இருப்பதை ஒரு படம் எடுத்துவிட வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான்.

பிலிம் தட்டுப்பாடான காலம் அது. ஒரு கலியாண வீட்டில் பன்னிரண்டு படச் சுருளில் எட்டை எடுத்துவிட்டு, மிச்சம் நாலோடு முதலாளி கமராவை என்னிடம் தந்தார்.

"ஞாயிறு ஒரு நாள்தான் உமக்கு. திங்கள் காலமை பொம்பிளை வீட்டார் வந்து நிப்பினம். குருவிக்குப் பின்னால ஓடிக் கமராவை உப்புத் தண்ணிக்குள்ள போட்டிராதையும்."

அந்தக் கமராவில் தூரத்துப் பறவை ஒரு புள்ளியாகத்தான் விழும். ஆறேழு அடிக்குள் போக வேண்டும். அதற்காக இரண்டு கிழமையாக விடியற்காலையில் சைக்கிளில் போய், தென்னோலைக் கிடுகால் ஒரு மறைப்புக் கட்டி, நாளுக்குக் கொஞ்சமாக முட்டைக்குக் கிட்ட நகர்த்தி வைத்திருந்தேன். ஆலா அதற்குப் பழகிவிட்டது. வெள்ளைச் சிறகு வெயிலில் வெளிறிப் போகாமல் எடுக்க எவ்வளவு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும் என்பதும் தெரியும். மணப்பெண்களின் வெள்ளைச் சீலைப் படங்களைக் கழுவிக் கழுவி அதைப் படித்திருந்தேன்.

ஒன்றுதான் மிச்சம். ஸ்டூடியோவில் கிடந்த பழைய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில், அகராதி பார்த்து வாசித்தது அது. மறைப்புக்குள் இரண்டு பேராகப் போக வேண்டும். பிறகு ஒருவர் வெளியே வந்து, பறவை பார்க்கத் திரும்பிப் போக வேண்டும். பறவைக்கு ஆளை எண்ணத் தெரியாது. ஆள் போய்விட்டான் என்று நம்பி வந்து இருக்கும்.

திரும்பிப் போக ஓர் ஆள் வேண்டும். அந்தக் கிழமை முழுக்க யாரைக் கேட்பது என்றே யோசித்தேன். மச்சானிடம் கேட்கப் போய், மழை வருமா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

ஞாயிறு காலை வரம்பில் ஓர் உப்பளக்காரப் பெண் நின்றாள். உப்பு வாருகிற பலகையில் சாய்ந்துகொண்டு, என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"என்ன அண்ணே, பொம்பிளை பார்க்க வந்த மாப்பிளை மாதிரி ஒவ்வொரு நாளும் ஒளிச்சு ஒளிச்சு வாறீங்க. இண்டைக்கும் தனியத்தானா?"

"ஓம்" என்றேன். சைக்கிளை வரம்போடு சாத்தினேன்.

தனியாகவே உள்ளே போய் உட்கார்ந்தேன். ஆலா எழுந்து மேலே கத்திக்கொண்டு சுற்றியது. கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும் என்று நினைத்தேன். அது மறக்கவில்லை. தாழ வரும், மறைப்பைப் பார்க்கும், திரும்ப எழும்பும். வெயில் ஏறியது. நல்ல வெயில், முட்டை குளிராது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த நம்பிக்கையில் மத்தியானம் வரை அசையாமல் இருந்தேன்.

கிடுகை விலக்கி அந்தப் பெண் தலையை நீட்டியபோதுதான் நேரம் தெரிந்தது.

"இன்னுமா இருக்கிறீங்க? குருவியை முட்டைக்கு விடயில்லையா?"

"வெயில்தானே... முட்டைக்குச் சூடு காணும்."

"ஐயோ அண்ணே! இந்த வெயிலுக்கு அது சூடு குடுக்கவா இருக்கிறது? நிழலுக்கெல்லோ. வயித்தைத் தண்ணியில நனைச்சுக்கொண்டு வந்து முட்டையில ஒத்துமே, நீங்க காணயில்லையா?"

இரண்டு கிழமையாக நான் வெயிலுக்கு முன்னர் வந்து, வெயிலுக்கு முன்னரே வேலைக்குத் திரும்பியிருந்தேன். வெளியே வந்து, குனிந்து ஒரு முட்டையைத் தொட்டேன். விரலைச் சட்டென்று எடுத்தேன்.

சஞ்சிகையில் படித்ததை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"காலமை நான் சும்மாதானே நிண்டனான். வந்திட்டுப் போ எண்டு சொல்லியிருந்தா வந்திட்டுப் போயிருப்பன்."

மிச்சம் இருந்த நாலு படத்தையும் முட்டைகளையே எடுத்தேன். பிலிமை வீணாக்கக் கூடாது என்ற பழக்கம். திங்கள் கழுவித் தொங்கவிட்டபோது, மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் அவை ஈரத்தோடு ஆடின.

"சல்லிக் கல்லையா எடுத்தனீர்?" என்று முதலாளி கேட்டார். தரை நிறத்திலேயே இருக்கும் முட்டை அது.

அடுத்த ஞாயிறு வெறுங்கையோடு போனேன். பக்கத்து ஆலாக்களின் குஞ்சுகள் ஓடித் திரிந்தன. என்னுடையது முட்டைமேல் இருந்தது. வெயில் ஏறியதும் எழுந்து போய், வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, திரும்பவும் இருந்தது.

"இனிப் பொரிக்க ஏலாது எண்டு அதுக்கு ஆர் சொல்றது?" என்றாள் அவள்.

அதற்கடுத்த ஞாயிறும் அது இருந்தது. அதன் பிறகு நான் போகவில்லை.