செல்லையாவும் நானும் வைத்திருந்த கணக்கு

என்னுடைய ஓய்வூதியம் வங்கியில் சேர்ந்துவிட்டது என்ற செய்தியை மாதந்தோறும் எனக்குத் தெரிவித்து வந்தவர், என்னைப் பிரிந்து மஞ்சூரில் தம்பி வீட்டில் வாழும் என் கணவர் செல்லையாதான். கணக்கு இருவர் பெயரிலும் இருந்தது. குறுஞ்செய்தியோ அவருடைய கைப்பேசிக்கு மட்டும் போயிற்று. உடனே என்னை அழைப்பார். "இந்தா, சல்லி ஏறிருச்சு. ஐந்நூற எடுத்துக்கிட்டேன்" என்பார். உயிரோடிருக்கிறாயா என்று கேட்கமாட்டார். ஓய்வூதியம் ஏறியதே நான் உயிரோடிருப்பதற்குப் போதிய சான்று என்று கருதினார் போலும். கடலுக்கு அப்பால் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லய வீடுகளில் இன்றும் வாழும் என் உறவினர்க்கும், என்னைப் போலக் கப்பலேறி வந்து இம்மலையில் கொழுந்து பறித்தே மூப்படைந்தவர்களுக்கும் இதனை எழுதுகிறேன்.

நாங்கள் பிரிந்ததற்குப் பெரிய காரணம் எதையும் தேடவேண்டாம். ஓய்வு பெற்றபின் தோட்டத்து வீட்டைக் காலி செய்தாக வேண்டும். மஞ்சூருக்குப் போவது என்று அவர் தனியே முடிவு செய்து மூட்டை கட்டினார். முப்பத்தெட்டு ஆண்டுகளாக எல்லாவற்றையும் தனியே முடிவு செய்தவர் அவர். இம்முறை நான் மூட்டை கட்டவில்லை, அவ்வளவுதான். தேவாலாவில் ஒரு சிறு வீட்டைப் போக்கியத்துக்குப் பேசி வைத்தேன். வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் தராவிட்டால் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். பணமோ, இருவருடைய பணிக்கொடையும் சேர்ந்து, அந்தக் கணக்கில் கிடந்தது. பணம் எடுக்கும் அட்டை மஞ்சூரில் அவருடைய சட்டைப்பையில் கிடந்தது.

இலங்கையில் நான் சிறுமியாக இருந்த காலத்தில் சம்பள நாள் ஒரு வேடிக்கை. மேசைக்குப் பின்னால் அமர்ந்து கணக்கப்பிள்ளை என் தாயாரின் பெயரை உரக்கக் கூப்பிடுவார். என் தந்தையார் கையை நீட்டுவார். மழையில் நனைந்து, அட்டை கடித்த காலோடு மலையேறியவர் பெயரைச் சொல்ல, கொழுந்து நிறுக்கும் மடுவத்து வாசலில் பீடி புகைத்துக்கொண்டிருந்தவர் கைக்குப் பணம் போகும். இதை யாரும் அநியாயம் என்று சொன்னதில்லை, என் தாயார் உட்பட. பதினாறு வயதில் இக்கரையில் இறங்கியபோது, அந்த மேசையைக் கடலுக்கு அப்பாலேயே விட்டுவந்தேன் என்று நம்பினேன். தொழிற்சங்கத்துத் துண்டறிக்கைகளைக் கூட்டிக் கூட்டிப் படித்தே எழுத்துப் பழகினேன். இத்தனை ஞானமும் பெற்ற நான், கணக்குத் தொடங்கிய நாளில், "ரெண்டு ஏடிஎம் காடு எதுக்கு? ஒண்ணு போதும்" என்று அவர் சொன்னதற்குத் தலையாட்டினேன். என் தாயாராவது எழுதப் படிக்கத் தெரியாதவர்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் எங்கள் மகனிடம் யோசனை கேட்டேன். "அம்மா, அப்பாக்கு முந்தி நீ போயி பூராத்தையும் எடுத்துரு. அப்புறம் பேசிக்கலாம்" என்றான். தந்தைக்கும் இதே யோசனையைத்தான் சொல்லியிருப்பான் என்பது அவன் குரலிலேயே தெரிந்தது.

வங்கி அதிகாரி வடநாட்டு இளைஞர். தமிழை இப்போதுதான் கற்றுக்கொண்டு வருகிறார். கணக்கை இரண்டாகப் பிரித்துத் தருமாறு கேட்டேன்.

"பிரிக்க முடியாது அம்மா. இது ஐதர் ஆர் சர்வைவர். ரெண்டு பேர்ல யார் வேணா எடுக்கலாம். ஒருத்தர் டெத் ஆனா இன்னொருத்தர் எடுக்கலாம்."

"ரெண்டு பேரும் உசுரோட பிரிஞ்சி இருந்தா?"

அவர் கணினியைப் பார்த்தார். அதில் அதற்கு இடமில்லை. "டைவர்ஸ் பேப்பர் இருக்கா?"

"கோயில்ல மால மாத்துனதுக்கே பேப்பர் இல்லீங்க தம்பி. பிரிஞ்சதுக்கு எங்க போறது?"

எனக்கு ஆறுதல் தேவைப்படுகிறது என்று அவர் எண்ணிவிட்டார். "அம்மா, சண்டை வேண்டாம். வீட்டுக்குப் போங்க. சார் கிட்ட பேசுங்க."

எந்த வீட்டுக்கு என்று கேட்டேன். அவருக்கு விளங்கவில்லை.

முந்திக்கொள்பவருக்கு முழுவதையும் அள்ளிக் கொடுக்குமாம் வங்கி. பாதி போதும் என்று கேட்பவருக்கு அறிவுரை மட்டும் தருமாம். அட்டை இல்லாமலே, சீட்டெழுதிப் பாதியை நானே எடுத்திருக்கலாம். ஆனால் பாதி எது என்று கணவரைக் கேளாமல் நான் முடிவு செய்தால், அவருக்கும் எனக்கும் என்ன வேறுபாடு? ஒருவர் முந்தி எல்லாவற்றையும் எடுப்பதைத் தடுக்க வழியே இல்லையா என்று மூன்றாம் முறையாகக் கேட்டபோது அதிகாரி தயங்கிச் சொன்னார்: "லெட்டர் குடுத்தா ஸ்டாப் பண்ணலாம். ஆனா நீங்களும் எடுக்க முடியாது. ரெண்டு பேரும் சைன் பண்ணினாதான் ஓப்பன் ஆகும்." அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தேன். அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமைக்குள் செல்லையா வந்து கையெழுத்திடாவிட்டால் வீடு கைநழுவும் என்பதை அறிந்தே எழுதினேன்.

வியாழனன்று மூன்று பேருந்து மாறி வங்கிக்கு வந்து சேர்ந்தார். முப்பத்தெட்டு ஆண்டுகளில் எனக்காக அவர் மேற்கொண்ட மிக நீண்ட பயணம் அதுதான்.

"மெசினு சல்லி குடுக்க மாட்டேங்குது. பின்னால நிக்கிறவனெல்லாம் சிரிக்கிறான். என்னா செஞ்ச நீ?"

"நிப்பாட்டுனேன். கணக்க முடிச்சுட்டு ஆளுக்குப் பாதி. கையெழுத்துப் போடுங்க."

"அப்ப நா யாரு ஒனக்கு?"

"அதுக்கு இந்த பாரத்துல எடம் இல்ல. கையெழுத்துக்குத்தான் இருக்கு."

பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். குடும்ப மானம் பற்றிப் பேசினார். மகன் என்ன நினைப்பான் என்று கேட்டார். மஞ்சூரில் தம்பி மனைவி போடும் சோற்றில் உப்பில்லை என்றார். நான் வந்து சமைக்கவேண்டும் என்பதே அதன் பொருள். இறுதியில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "ஐயோ, கூடலூர் பஸ்ஸு போயிரும்" என்று சொல்லி, மளமளவென்று கையெழுத்திட்டார். நான் வாழ்நாளெல்லாம் மன்றாடியும் பெறாததை ஒரு பேருந்து பெற்றுத் தந்தது.

மறுநாள் முன்பணத்தோடு தேவாலாவுக்குப் போனேன். வீட்டுக்காரர் மலையாளி, ஒப்பந்தத்தைத் தாமே எழுதினார். "சேட்டன் வரலியா?" என்றார். வரமாட்டார், மஞ்சூரில் இருக்கிறார் என்றேன். மேலே கேட்காமல் இருக்க அவருக்குத் தெரியவில்லை.

"சேச்சி பொறந்தது சிலோன்ல. சேட்டன் மஞ்சூர்ல. தோட்டத்து வீடும் போச்சு. அப்ப எந்த ஊருன்னு ஞான் எழுதட்டும்?"

"கதவு நம்பர எழுதுங்க" என்றேன்.

எழுதினார். அதற்கு முன்னால், என்னைக் கேளாமலே, 'செல்லையா மனைவி' என்பதையும் எழுதிக்கொண்டார். மை காயும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கீழே என் பெயரைக் கையெழுத்திட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன்.