கேப்டன் ஆதிரனின் நான்காவது குரு

பிள்ளைகளே, நான் தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோது எனக்குச் சொந்தமாக ஒரு விண்கப்பல் இருந்தது. அதன் பெயர் 'தம்போய் ஒன்று'. நாங்கள் குடியிருந்தது தம்போயில், எனக்கு வேறு பெயர் தோன்றவில்லை. அதை ஓட்டியவர் கேப்டன் ஆதிரன். கப்பல், கேப்டன், எதிரிகள் எல்லாருமே ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் இருந்தார்கள்.

அந்த நோட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் எல்லைப் பாலத்தைக் கடந்து சிங்கப்பூர் போய் வரும். அம்மாவுக்கு அங்கே ஓர் எலக்ட்ரானிக் ஃபேக்டரியில் வேலை. நான் கண் விழிக்கும் முன்பே கம்பெனி பஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போய்விடும். திரும்பி வரும்போது நான் பாதித் தூக்கத்தில் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எனக்கு முழு அம்மா. மற்ற நாட்களில் நான் ஒரு பக்கம் எழுதி அவருடைய சாப்பாட்டுப் பையில் வைப்பேன். மறுநாள் பார்த்தால் அடுத்த பக்கத்தில் அம்மாவின் எழுத்து இருக்கும். பஸ் குலுக்கலில் எழுதியது, கோணல்மாணலாக இருக்கும்.

கப்பலும் சண்டையும் என் பொறுப்பு. கேப்டனுக்கு யார் யார் கற்றுக்கொடுத்தார்கள் என்பது அம்மாவின் பொறுப்பு.

"பொறந்ததுமே கப்பல் ஓட்டிடுவானா? யாராவது சொல்லிக் குடுத்திருக்கணும்லா" என்று அவரேதான் அந்த வேலையை எடுத்துக்கொண்டார்.

முதல் குரு, எல்லாரும் வரிசையில் நிற்கும் கிரகத்துக்காரர். எத்தனை மணி நேரமானாலும் கோபப்படாமல் நிற்பது எப்படி என்று கேப்டனுக்குக் காட்டித் தந்தார். இரண்டாமவர், மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து முடியைவிட மெல்லிய விரிசலைத் தேடுகிறவர். 'இது ஒன்று போதும், கப்பல் இரண்டாகிவிடும்' என்பார். மூன்றாமவர் பெரிய சிந்தனையாளர். பாடமே நடத்தமாட்டார். 'நேற்று பார்க்காத எதை இன்று பார்த்தாய்?' என்று தினமும் ஒரே கேள்வி. பதில் சொல்லாவிட்டால் கேப்டனுக்கு அன்று சாப்பாடு கிடையாது.

எங்களோடு இருந்த மாமா நோட்டைப் படித்துவிட்டுச் சிரித்தார். "என்னடா, எதிரி வந்தா உங்க கேப்டன் வரிசையில நிக்கச் சொல்வானா?"

எனக்கு வெட்கமாகிவிட்டது.

அப்போதுதான் பள்ளியில் கதை சொல்லும் போட்டி வந்தது. அம்மா சூப்பர்வைசரிடம் திரும்பத் திரும்பக் கேட்டு ஒரு நாள் லீவு வாங்கினார். "நம்ம கதைய மேடையில சொல்லப் போற. நான் கேக்காம இருப்பேனா?" என்றார்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் நான்காவது குரு வந்து சேர்ந்தார். அம்மா இப்படி எழுதியிருந்தார்:

'இவர் அதிகம் படிக்காதவர். பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டார். கேப்டனுக்கு முதல் எழுத்துச் சொல்லித் தந்தவர் இவர்தான். ஆனால் கேப்டன் தூரம் போகப் போக, சொல்லித் தர இவரிடம் ஒன்றும் இருக்காது. அதனால் கப்பல் திரும்பும்போது வீடு தெரியட்டும் என்று வாசல் விளக்கை மட்டும் போட்டு வைப்பார்.'

எனக்கு எரிச்சல் வந்தது. ஒன்றும் தெரியாதவர் எப்படி குரு ஆவார்? இதைச் சொன்னால் மாமா மாதிரி எல்லாருமே சிரிப்பார்கள். அம்மாவிடம் சொல்லாமல் நான்கு பேரையும் நீக்கினேன். அவர்களுக்குப் பதிலாக, மூன்று கைகள் உள்ள வாள் வாத்தியார் ஒருவரைச் சேர்த்துக்கொண்டேன்.

போட்டியன்று அம்மா தங்காக் ஊர்த் துணிக்கடையில் தீபாவளிக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டி வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். நான் மேடை ஏறியதும் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் குனிந்து ஏதோ சொல்லி, நான்கு விரல்களைக் காட்டினார்.

நான் சொல்லிக்கொண்டே போனேன். வாள் வாத்தியார் வந்தார், எதிரிகள் விழுந்தார்கள். பிள்ளைகள் மேசையைத் தட்டினார்கள். அம்மாவின் கை மட்டும் மெல்ல இறங்கி மடிக்குப் போனது. கதை முடிந்ததும் எல்லாரையும்விட நீளமாகக் கைதட்டியவரும் அவர்தான்.

எனக்கு இரண்டாம் பரிசு, ஒரு பென்சில் பெட்டி. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அம்மா கேட்டார்: "மூணு கைன்னா அவருக்குச் சட்டை யாருடா தைப்பாங்க?"

இருவரும் சிரித்தோம். பிறகு நானாகவே, "உங்க குருங்கள சொல்ல நேரம் பத்தலம்மா" என்று பொய் சொன்னேன்.

"பரவால்லலா. அவங்கல்லாம் வேலைக்குப் போயிட்டாங்கன்னு வச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வழக்கம்போல அன்று மாலையும் நோட்டைப் பையில் வைத்தேன். மறுநாள் ஒரே ஒரு வரிதான் வந்தது. 'கதை நன்றாக இருந்தது. இனி எல்லாவற்றையும் நீயே எழுது.'

நான் மாமாவிடம் ஓடிப்போய், கப்பல் முழுக்க இனி என்னுடையது என்று பெருமையடித்தேன். அவரும் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பிள்ளைகளே, இப்போது நானும் அதே பாலத்தைக் கடந்துதான் வேலைக்குப் போகிறேன். பாஸ்போர்ட் காட்டும் குடிநுழைவு வரிசையில் மோட்டார் சைக்கிளோடு நிற்கும்போது முதல் குருவின் நினைவு வரும். நேற்று பார்க்காத எதையாவது இன்று பார்த்தால், சொல்வதற்கு அம்மாவைத் தேடும் மனசு. அவர் இல்லை. நோட்டு என்னிடம்தான் இருக்கிறது, கடைசியில் பதினோரு பக்கங்கள் காலியாக.

அந்த நாட்களில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது, நல்ல வெயிலிலும் எங்கள் வீட்டு வாசல் விளக்கு எரிந்துகொண்டிருக்கும். 'அம்மா இன்னைக்கும் மறந்துட்டாங்க' என்று முணுமுணுத்துக்கொண்டே அதை அணைத்துவிட்டுப் போவேன்.